ஒரு வருஷ அட்டை

நெப்ராஸ்கா நெடுஞ்சாலையோரம் லாரிகள் நிற்கும் திடலில் பனி உருகிச் சேறாகிக் கிடக்கிறது. மாட்டிறைச்சி ஏற்றிய லாரியின் குளிர்ப்பெட்டி ஓயாமல் உறுமுகிறது. திடலின் மூலையிலுள்ள கிளினிக்கிலிருந்து வெர்லின் வருகிறான். டிரைவர்களுக்கான மருத்துவச் சோதனையில் தேறியதற்குக் கிடைத்த அட்டையைக் கொடி போல உயர்த்திக் காட்டுகிறான். அந்த லாரிக்குள் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி டார்லா சிரிக்கவில்லை. அவள் மடியில் அவனுடைய பிரஷர் மாத்திரை டப்பா, கிழமைக்கு ஒன்றான ஏழு மூடிகளும் திறந்து, காலியாக இருக்கிறது.

"இத்தனை நாளா தொடாம இருந்துட்டு, இன்னிக்குக் காலையில எல்லாத்தையும் ஒண்ணா முழுங்கினியா?"

"பிரஷர் எறங்கிடுச்சுல்ல? நர்ஸே அசந்துட்டாங்க."

"தினம் ஒண்ணுன்னுதானே டாக்டர் சொன்னாரு, வெர்லின்!"

"தினம் போட்டா மைலுக்கு மைல் ஒண்ணுக்குப் போக நிறுத்தணும். கறி நாறிப்போனா நீயா திங்கப்போறே?"

சிரிக்கிற அவன் உதடு வெளுத்திருக்கிறது. லாரிப் படியில் கால் வைக்கிறான். கைப்பிடியைத் தேடும் விரல்கள் ஒரு சாண் தள்ளி வெறும் காற்றைப் பிடிக்கின்றன.

"டார்லா, ஏன் இப்படி இருட்டுது?"

முன்கண்ணாடியில் உச்சி வெயில் கண் கூச அடிக்கிறது. அவள் குதித்து ஓடி வருவதற்குள், படியின் இரும்பில் அவன் தலை மோதும் சத்தம் கேட்டுவிடுகிறது. குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டே இருக்கிறது. சேற்றில் மல்லாந்து கிடக்கிறவனின் கையைப் பிடித்து அவள் உலுக்குகிறாள். விரல்கள் அட்டையை விடவில்லை. இன்னும் ஒரு வருஷத்துக்கு அவன் லாரி ஓட்டலாம் என்று அதில் எழுதியிருக்கிறது.