தூக்கிய கோல்

செத்துப்போன ராக் பாடகன் ரெக்ஸ்லினுக்கு எங்கள் ராணுவ பேண்டு அஞ்சலி வாசித்தது. முன்னால் வெள்ளிப்பூண் போட்ட கோலைத் தூக்கிப் பிடித்து நின்ற டிரம் மேஜர் தாசையன்தான் அவனுடைய அப்பா. பாட்டைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். அந்தக் கோல் இறங்கினால்தான் நாங்கள் நிறுத்தலாம். இறங்காதவரை முதலிலிருந்து வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அந்தப் பாட்டின் கதை தெரியும். பதினேழு வயதில் ரெக்ஸ்லின் அதை எழுதி அவர் முன்னால் பாடினான். பூணைத் துடைத்துக்கொண்டிருந்தவர், இரண்டாவது வரியிலேயே இதே கோலை அவன் விரல்மேல் இறக்கினார். பாட்டு அதோடு நின்றது. கிட்டாரோடு வெளியே போனவன் பெட்டியில்தான் திரும்பி வந்தான். நாங்கள் வெறும் மெட்டைத்தான் வாசித்தோம். வரிகளை மைதானம் நிறைந்திருந்த அவன் ரசிகர்கள் பாடினார்கள்: “கோலக் கீழ போடுப்பா, அந்தக் கோலக் கீழ போடுப்பா.” பாட்டு முடிந்தும் கோல் இறங்கவில்லை. மறுபடி வாசித்தோம். ஆறாவது தடவை என் டிரம்பெட்டில் ரத்தம் உப்புக்கரித்தது. அவர் மறுகையாலும் கோலைத் தாங்கிக்கொண்டார். டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்தேன்.

“எறக்குங்க சார். உதடு கிழிஞ்சிட்டு.”

அவர் திரும்பவில்லை. கூட்டம் இரண்டாவது வரிக்கு வந்திருந்தது.

“வாசிடே,” என்றார். “நான் எறக்குனா அவன் நிறுத்திருவான்.”