சின்னக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும்!

"பொருள் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, மர்னா தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

கார் ஷெட்டின் கதவு முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. உள்ளேயிருந்து ஆர்வில் கிழவரின் குரல் மட்டும் வந்தது. "வழக்கமான அளவுதானே?"

"அதே போதும். ஒத்தை ஆளு, அதுக்கு மேல தாங்காது."

செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று கதவுக்கடியில் நழுவி வந்தது. மர்னா பிரித்துப் பார்த்தாள். கழிவறைக் காகிதம், ஒரே ஒரு சுருள். மினசோட்டாப் பனியிலும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

குற்றமெல்லாம் ஆர்விலின் மனைவி லவோனுடையதுதான். நெடுஞ்சாலை ஓரத்து மொத்த விற்பனைக் கிடங்கின் வாசலில் மேனேஜரின் போட்டோ ஒன்று மாட்டியிருக்கும். கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கும் அந்த மனிதருக்குக் கீழே, 'சின்னக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும்!' என்று எழுதியிருக்கும். அதை நம்பி அவள் உறுப்பினர் கார்டு வாங்கிவிட்டாள்.

அங்கே எதையும் சின்னதாகத் தரமாட்டார்கள். மயோனைஸ் வாளியில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானமே கொடுக்கலாம். முழு வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியைத் தூக்க நாலு ஆள் வேண்டும். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். கார் ஷெட்டில் கழிவறைக் காகிதம் கூரையைத் தொட்டதும், கார் பனியில் நிற்கப் போய்விட்டது.

தெரு முழுக்கத் தனிக்கட்டைகள். அவர்களுக்கு ஒன்று, அரை, கால் என்று பிரித்து விற்க ஆரம்பித்தார்கள். ஆனால் வாங்கியதை வெளியே விற்றால் கிடங்கில் கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார்கள். பிறகு இந்த ஜென்மத்துக்கு உள்ளே விடமாட்டார்கள். வெளியே போகிறவர்களையும் வாசலில் சாமானை எண்ணி, ரசீதில் மார்க்கரால் கோடு போட்டுத்தான் அனுப்புவார்கள்.

லவோனுக்கு உயிரே அந்தக் கார்டில்தான் இருந்தது. சனிக்கிழமை தோறும் குட்டிக் காகிதக் கிண்ணத்தில் இலவசமாகச் சீஸ் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். அதற்காகத் தன் தங்கையின் கல்யாணத்துக்கே போகாதவள் அவள். கல்யாண மோதிரம் தொலைந்தபோது "போனா போகுது" என்றாள். கார்டு ஒரு நாள் காணாமல் போனபோது பாதிரியாரைக் கூப்பிட்டுவிட்டாள்.

மர்னா திரும்பினாள். வழியை மறித்துக்கொண்டு ஒரு மனிதர். தொப்பி புருவம் வரை, மப்ளர் மூக்கு வரை.

அவர் அவள் பைக்குள் எட்டிப் பார்த்தார். தலையை ஆட்டி எண்ணினார். கோட்டுப் பையிலிருந்து தடித்த மார்க்கர் ஒன்றை எடுத்தவர், என்னவோ நினைத்துக்கொண்டு மறுபடி உள்ளே வைத்தார். "நல்லபடியா போயிட்டு வாங்க மேடம்" என்றார். மர்னா பனியில் சறுக்கிக்கொண்டே ஓடிப்போனாள்.

"இங்க ஒத்தை ஒத்தையா விக்கிறீங்களாமே?" என்று அவர் குனிந்து கேட்டார்.

ஆர்விலுக்கு வியர்த்தது. கிடங்குக்காரர்கள் அனுப்பிய உளவாளியேதான்! "விக்கிறதா? சேச்சே. எல்லாம் நாங்க ரெண்டு பேரும் உபயோகிக்கத்தான்."

அவர் கதவை இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "கூரை வரைக்கும் டாய்லெட் பேப்பரா?"

"எங்களுக்கு வயிறு கொஞ்சம் இளக்கம்."

"அந்த மயோனைஸ் வாளி?"

"என் சம்சாரம் தலைக்குத் தேய்ச்சுக் குளிப்பா."

"ஊறுகாய்?"

ஆர்வில் நகர்ந்து ஜாடியை மறைத்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து லவோன், ஷெட்டுக்குள் திறக்கும் சமையலறைக் கதவைத் திறந்தாள். "ஆர்வில், யாருப்பா அது? அரை ஊறுகாய் கேட்டா வெட்டித் தரேன்னு சொல்லு!"

உள்ளேயிருந்து வந்த சூட்டில் வந்தவரின் மூக்குக் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்தது. துடைப்பதற்காக மப்ளரை இறக்கினார். லவோன் போட்ட அலறலில் கூரையிலிருந்து பேப்பர் சுருள்கள் ஆலங்கட்டி மழையாய்க் கொட்டின.

"ஐயோ ஆர்வில்! வாசல் போட்டோவுல கட்டைவிரலைத் தூக்கிட்டு நிப்பாரே, அந்த மேனேஜரேதான்!"

ஆர்வில் அப்படியே மயோனைஸ் வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். லவோன் கழுத்தில் தொங்கிய கார்டைக் கழற்றி, ஒரு முத்தம் கொடுத்து நீட்டினாள். "வெட்டிடுங்க சார். வர்ற சனிக்கிழமை சீஸ் மட்டும் ருசி பார்த்துட்டு வந்துடறேனே? அப்புறமா வெட்டுங்களேன்."

"அவளை விட்டுடுங்க சார்!" என்று ஆர்வில் தாவி எழுந்தார். "வேணும்னா என்னை வெட்டுங்க!"

"பெரியவரே, கத்தாதீங்க! தெருவே கேட்குது!"

மேனேஜர் சட்டென்று உள்ளே நுழைந்து, கதவைத் தானே இழுத்து மூடினார். கார்டை லவோனின் கையிலேயே வைத்து அழுத்தினார். பிறகு கோட்டுக்குள் கைவிட்டு, கழுவித் துடைத்த ஒரு குட்டி ஜாம் பாட்டிலை எடுத்துக் கூச்சத்தோடு நீட்டினார்.

"இதுல பாதிக்கு மயோனைஸ். அப்புறம் ஒரே ஒரு ரோல். கடையில யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

லவோனுக்குத் தலை சுற்றியது. "சார், அந்தக் கிடங்கே உங்க கையில இருக்கு. சின்னக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும்னு சொன்னதே நீங்கதானே!"

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் ஒண்டிக்கட்டைம்மா... எனக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?"