வட்டமும் பெருக்கலும்

மச்சினன் தனிக்கடை போடப் போகிறான். படங்களுக்குப் பிரேம் போடும் கடைக்காரருக்கு அதில் துளிகூடச் சந்தேகம் இல்லை.

இல்லாவிட்டால் நாலு நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையின் பின்பக்கம் போய் எதையோ அறுத்து, இழைத்து, ஆள் வரும் சத்தம் கேட்டதும் சாக்கைப் போட்டு மூடுவானேன்?

"என்னடா மாப்ளே அது?"

"சும்மா ஒரு பலகை மாமா."

சும்மா ஒரு பலகையாம். யார் காதில் பூ சுற்றுகிறான்?

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். "உன் தம்பி போக்கே சரியில்ல. வளர்த்த கடா மார்புல பாயப் போகுது, பாத்துக்கோ."

"அவனா? உங்களைக் கண்டாலே எழுந்து நிக்கிறவனாச்சேங்க."

"நிப்பான், நிப்பான். டீயை மட்டும் எனக்கு அரை டம்ளரோட நிறுத்திடுவான். மூணு மாசமா பாக்கறேன். அவன் டம்ளர் மட்டும் தளும்பும்!"

டீ கிடக்கட்டும். பெரிய விஷயம் வேறு.

ஒரு பிரேமின் நாலு கட்டைகளும் வேறு பிரேமோடு கலந்துவிடக் கூடாதென்று, வெட்டியவர் பின்பக்கம் பென்சிலால் அடையாளம் போடுவது அந்தக் கடை வழக்கம். கடைக்காரர் வட்டம் போடுவார். மச்சினன் பெருக்கல் குறி.

கொஞ்ச நாளாக மூலை வாய்பிளந்த பிரேம்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. வந்ததும் மச்சினன் பாய்ந்து வாங்குவான். முதல் வேலையாக உப்புத்தாளை எடுத்து, பின்பக்கத்து அடையாளத்தைப் பரபரவென்று தேய்த்து அழிப்பான். கொலைகாரன் கைரேகையைத் துடைக்கிற மாதிரி.

"எல்லாம் இவன் கைவண்ணம்" என்று கடைக்காரர் வந்தவர்களிடம் சொல்லும்போது, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் தலையைச் சொறிவான். குற்றமுள்ள நெஞ்சு! இந்தக் கடையின் பெயரைக் கெடுத்து, வாடிக்கையாளர்களைத் தன் பக்கம் அள்ளிக்கொண்டு போகத்தான் திட்டம்.

இன்று சாப்பாட்டு நேரத்தில் போட்டோ ஸ்டூடியோ அம்மா ஒரு பிரேமோடு வந்து நின்றார்.

"மூலையில நகம் நுழையுதுங்க. நாப்பது பிரேம் உங்ககிட்டதான் சொல்லியிருக்கேன். இப்படின்னா நான் வேற இடம் பாத்துக்க வேண்டியதுதான்."

மச்சினன் கையை நீட்டினான். கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"இன்னைக்கு நடக்காதுடா. அம்மா, நீங்களும் வாங்க. யாரால இந்தக் கடை கெடுதுன்னு காட்டறேன்."

விறுவிறுவென்று பின்பக்கம் போய்ச் சாக்கை உருவினார்.

அகலமான ஒரு பலகை. அடியில், ரம்ப மேசையின் பள்ளங்களில் வழுக்கி ஓட இரண்டு மெல்லிய ரீப்பர் சட்டங்கள். மேலே, ரம்பம் போகும் கோட்டுக்கு இருபுறமும் சாய்த்து, ஒன்றுக்கொன்று மூலைமட்டமாக அடித்த இரண்டு தடுப்புக் கட்டைகள்; ஒவ்வொன்றிலும் ஒரு கிளாம்ப்.

"என்ன இது? உண்மையைச் சொல்லு."

"பிரேம் மூலை வெட்டத்தான் மாமா. ஒரு கட்டையை இந்தப் பக்கம் வெச்சு வெட்டணும், அதோட ஜோடியை அந்தப் பக்கம். ஒரு பக்கம் சாய்வு மயிரிழை கூடினாலும் மறுபக்கம் அதே அளவு குறையும். சேத்தா மூலை கச்சிதமா நிக்கும்."

"கிளாம்ப் எதுக்கு?"

"கட்டையை அது பிடிச்சுக்கும். வெட்டுறவங்க கையால பிடிக்கவே வேண்டாம். பின்னாடி ரெண்டு உள்ளங்கையையும் வெச்சுத் தள்ளினாப் போதும்."

"புதுக் கடைக்கு ஏற்பாடா?"

"எந்தக் கடை மாமா?" திருதிருவென்று விழித்தான்.

என்ன நடிப்பு! "அம்மா, இப்பப் பாருங்க" என்று பிரேமைத் திருப்பினார்.

பின்பக்கம் பெருக்கல் குறி இல்லை. வட்டம் இருந்தது. நடுங்கி நடுங்கி இழுத்த, கோணல்மாணலான வட்டம்.

பிரேமைப் பிடித்திருந்த தன் வலது கையைப் பார்த்தார். பிரேமும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"யாரு வெட்டினதுங்க?" என்று கேட்டார் ஸ்டூடியோ அம்மா.

"நான்தாங்க. கை தவறிடுச்சு" என்றான் மச்சினன், தலையைச் சொறிந்துகொண்டே.

கடைக்காரர் பிரேமைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இத்தனை நாளாக எத்தனை வட்டங்களை அந்த உப்புத்தாள் தின்றதோ!

"இல்லம்மா. நான் வெட்டினது. இதுவரைக்கும் திரும்பி வந்ததெல்லாம் நான் வெட்டினதுதான்" என்றார். "உங்க நாப்பதையும் இந்தப் பலகையில வெச்சு வெட்டித் தரேன். ஒரு மூலையில நகம் நுழைஞ்சாலும் அப்புறம் இந்தப் பக்கமே வராதீங்க."

அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, வெட்டுங்க" என்று கிளம்பினார்.

மச்சினன் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினான். வழக்கம்போல் மாமாவின் டம்ளரில் பாதியோடு நிறுத்தினான்.

"முழுசா ஊத்து மாப்ளே" என்றார் கடைக்காரர். "இனிமே ரெண்டு கையால பிடிச்சுக்கறேன்."