வாசலில் கழற்றிய ஷூ

"படமா இருக்கும்மா, வீடா இல்ல" என்று தமீமாவின் வரைபடங்களை இரண்டு முறை திருப்பிக் கொடுத்தவர் தேவசகாயம் சார். கட்டிடக்கலைப் படிப்பின் கடைசி மதிப்பீடு இன்று. இதிலும் தேறாவிட்டால் இன்னொரு வருடம் இதே வகுப்புதான். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, வெறும் கூடத்தின் நடுவில் அவரை நிற்க வைத்து, வி.ஆர். கண்ணாடியை மாட்டிவிட்டாள். அதற்குள் அவள் கணினியில் கட்டிய வீடு இருந்தது.

நாலடி நடந்தவர் சட்டென்று நின்றுவிட்டார். தமீமா கணினிப் பக்கம் திரும்பினாள்.

"ஹேங் ஆயிடுச்சா சார்?"

அவர் ஒரு காலால் மறு காலின் குதிகாலை மிதித்து ஷூவைக் கழற்றினார். மற்றதையும் கழற்றி, இரண்டையும் ஓரமாக ஒதுக்கினார். பிறகு, அங்கே இல்லாத வாசற்படியைத் தாண்டி வலது காலை எடுத்து வைத்தார். சுற்றி நின்று சிரிக்கப் போன வகுப்பு அடங்கிப் போனது. தமீமாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"வீட்ல யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"நான்தான் சார், இதோ வரேன்."

அவளிடம் கண்ணாடி இல்லை. ஆனாலும் அவர் ஷூவுக்குப் பக்கத்தில் தன் செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள்.