காந்தத்துக்கு வைத்த குங்குமம்

ஆயுத பூசைக்காக ஆஸ்பத்திரியில் புற்றுக்கட்டிக்குக் கதிர் வைக்கும் மேசையளவு மிஷினைப் பிரித்து வைத்திருந்தார்கள். நான் துப்புரவுக்காரன். எலக்ட்ரான் கதிரைக் குவிக்கும் வளையல் போன்ற காந்தங்களைத் துடைத்து, எல்லாவற்றுக்கும் இரு பக்கமும் குங்குமம் வைத்தேன். காந்தத்தின் முன்பக்கத்துக்கு அடையாளமே ஒரு சிவப்புப் பொட்டுதான் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் ஒரு காந்தத்தை முன்பின் மாற்றி மாட்டிவிட்டார்கள். சோதனையிலேயே கதிர் சிதறியது.

"மிஷினா மாரியாத்தாளா இது? எவன்யா பொட்டு வெச்சது?" என்று டெக்னீஷியன் கத்தினார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு நழுவினேன்.

தொண்டைக் கட்டிக்குக் கதிர் வைக்க வந்த முத்தழகியை, எந்தக் காந்தம் மாறியது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும் என்று பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

"அதுக்குள்ள கட்டி வளந்துடுமேண்ணே. பூசைக் குங்குமம் இருந்தா குடுங்க, அதாவது காப்பாத்தட்டும்" என்றாள் என்னிடம்.

குங்குமம் வைத்த என் விரல் இன்னும் சிவந்திருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "தீந்துபோச்சும்மா" என்றேன்.