ட்ரெய்லருக்கு அடியில் சொட்டுவது

தக்குவாரெம்போ ஊருக்குப் போகும் செம்மண் சாலையோரம், குதிரை ட்ரெய்லருக்கு அடியில் எவரிஸ்தோ மல்லாந்து கிடக்கிறான். வந்த வழி நெடுகச் சொட்டுச் சொட்டாக ஈரம். வண்டி குலுங்கிய இடங்களில் கொஞ்சம் அதிகம். வெயில் சாய்ந்து புல்வெளி மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. ஈர மண்ணைத் தொட்டு முகர்கிறான். டீசல் இல்லை, பிரேக் ஆயிலும் இல்லை. "தண்ணி பீப்பாயப் பாத்தியா?" "தளும்பத் தளும்ப இருக்கு, கெழவா. ஓட்டை உன் மண்டையிலதான்" என்றபடி மனைவி நெலிதா, கக்கத்தில் ஃபிளாஸ்கோடு, ட்ரெய்லருக்குள் ஏறுகிறாள். பலகை இடுக்கில் திரண்ட சொட்டு ஒன்று அவன் கன்னத்தில் விழுகிறது, வெதுவெதுப்பாக, பிசுபிசுப்பாக. மேலே அவள் காலடி நின்றுவிடுகிறது. சினைக்குதிரை லுசேராவின் பின்னங்கால்களில் வெள்ளைக் கோடுகள் காய்ந்திருக்கின்றன; மடி புடைத்து, இரண்டு காம்புகளும் கசிகின்றன.

"சீம்பால்" என்கிறாள். "குட்டி போட இன்னும் ஒரு மாசம் கெடக்கே."

"எல்லாத்தையும் ரோட்டுல விட்டுட்டு வந்திருக்கோம்" என்கிறான் அவன், எழுந்திருக்காமலே. "சீம்பால் குடிக்காத குட்டி தங்காது, நெலிதா."

  மாத்தே இலைத் தேநீர் குடிக்க ஃபிளாஸ்கில் வைத்திருந்த வெந்நீர் முழுவதும் பலகை இடுக்கு வழியாக ஆவியோடு கொட்டுகிறது. அவன் தலையை இழுத்துக்கொள்கிறான். அடுத்த சொட்டு மண்ணுக்கு வருவதில்லை. மேலே, காம்புக்கு நேரே அவள் பிடித்திருக்கும் காலி ஃபிளாஸ்குக்குள் அது விழும் ஓசை கேட்கிறது.