கொசுக்குரல்

"வியாபாரத்துக்குத் தொண்டை வேணும்மா. உன்னோடது கொசுக்குரல். நாளையிலேர்ந்து வராதே."

மேனேஜர் இப்படிச் சொன்னபோது விற்பனைப் பிரிவே கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பை நெஞ்சில் முடிந்துகொண்டுதான் அவள் போட்டிக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தாள்.

இன்று ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டம். இரண்டு கம்பெனிக்கும் ஒரே மேடை, ஒரே சரக்கு.

முதலில் மேனேஜர். ஏற்றி இறக்கி, நிறுத்தி நிதானித்து, கடைசி வரிசை வரை கணீரென்று பேசினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஆனால் மேஜைக்கு வந்ததும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்து அவள். மைக்கை எட்டத் தள்ளிவிட்டுத் தன் சொந்தக் குரலில் பேசினாள்.

முன்வரிசைப் பெரியவர் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்குக் கேட்குதா?"

"எனக்கும் கேட்கலையேங்க" என்றார் அந்த அம்மாள், முகம் வெளிறி.

பேச்சு முடிந்ததும் அவள் மேஜையைக் கூட்டம் மொய்த்தது. கொண்டுவந்த பெட்டிகள் அத்தனையும் காலி.

மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "நீ பேசினதுல ஒரு வார்த்தை கேட்கல. எப்படி வித்தே?"

அவள் அவர் காதருகே குனிந்தாள்.

"நீங்க பேசினது எல்லாருக்கும் நல்லா கேட்டுச்சு சார். அப்புறம் எவன் காது மெஷின் வாங்குவான்?"